மரக்கால் அளந்த ஊர்

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். இருநூறு அடிக்கு மேல் எழும்பி நிற்கும் விமானத்தை வேறு எப்படிப் பார்ப்பது? ஆனால் சாப்பாட்டை வைத்து இந்த ஊரை அறிய வந்தவர்கள் முதலில் குனிய வேண்டும். பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக வெட்டியிருக்கும் கல்வெட்டுகளில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரிசிக் கணக்கும் பருப்புக் கணக்கும் அப்படியே இருக்கின்றன.

நான் சேர்ந்துகொண்ட சுவைநடை அந்தக் கல்வெட்டுகளின் முன்னால்தான் தொடங்கியது. கோயில், ராஜவீதிகள், அரண்மனை, சந்தை என்று காலையில் கிளம்பி, வழியில் நின்று நின்று சாப்பிட்டு, மதியத்தோடு முடிகிற நடை. தை மாதம், பனி இன்னும் முழுதாக விலகவில்லை. சென்னையிலிருந்து ஒரு தம்பதி, மலேசியாவிலிருந்து பாட்டி முதல் பேரன் வரை ஒரு குடும்பம், நான். கூட்டிக்கொண்டு போனவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண். "வெயில் ஏறிட்டா கல்லுல நிக்க முடியாதுங்க. படிக்க வேண்டியதை முதல்ல படிச்சிடுவோம், அப்புறம் சாப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு நேராகக் கல்வெட்டுப் பக்கம் போனார்.

கல்லில் எழுதிய சமையல்கட்டு

ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டில், 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடத்தைக் கொடுத்தான். கோயில் எழும்பியதோடு அதற்குச் சோறு போடும் ஏற்பாடும் எழுதப்பட்டது. சோழநாட்டு ஊர்கள் மட்டுமல்ல, ஈழத்து ஊர்களும் இங்கே நெல் அளக்கக் கடமைப்பட்டிருந்தன. அளப்பதற்கு ஆடவல்லான் என்று இறைவன் பெயரிலேயே ஒரு மரக்கால். பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து இங்கே குடியமர்த்திய ஆடல் மகளிர் நானூறு பேருக்கு ஆளுக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும். அவரவர் பெயர், வந்த ஊர், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் இருக்கிறது.

வாழைப்பழக் கணக்கை வழிகாட்டி விரலால் தொடாமல் காட்டிக் காட்டிச் சொன்னார். பிள்ளையாருக்குத் தினமும் 150 வாழைப்பழம் படைக்க வேண்டும். அதற்காக 360 காசு முதலாக வைத்து, ஊரின் வணிகர்களிடம் கொடுத்தார்கள். வீரசிகாமணிப் பெருந்தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று வாங்கிக்கொண்ட கடைத்தெருக்களின் பெயர்கள்கூடக் கிடைக்கின்றன. காசுக்கு அரைக்கால் காசு வட்டி. ஆண்டுக்கு 45 காசு. ஒரு காசுக்கு 1200 பழம். பெருக்கி 360 நாளுக்கு வகுத்தால் நாளைக்குச் சரியாக 150. மலேசியப் பையன் கைப்பேசியில் போட்டுப் பார்த்துவிட்டு, "கரெக்டா வருது பாட்டி!" என்று கத்தினான். முதல் கரையாமல் வட்டியிலேயே நடக்கும் அறக்கட்டளை இது. தஞ்சாவூர்க் கடைத்தெரு அன்றே அந்த அளவுக்குக் கணக்கு தெரிந்த கடைத்தெரு.

படையல் பொருள்களின் பட்டியலும் அப்படித்தான்: அரிசி, பருப்பு, நெய், கறியமுது, தயிர், உப்பு, புளி, கடுகு, சீரகம், மிளகு, முடிவில் வெற்றிலையும் பாக்கும். சமைக்க வேண்டிய விறகையும் மறக்கவில்லை. இறைவன் குளிக்கும் நீரில் போட ஏலக்காயும் சண்பக மொட்டும் இலாமிச்ச வேரும் தனி. இந்தப் பட்டியலில் எங்கே தேடினாலும் கிடைக்காத ஒன்று மிளகாய். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கப்பலில் ஏறி இந்தியாவுக்கு வர இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் இருந்தன. ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூரில் உறைப்பு என்றால் அது மிளகுதான்.

கோயிலை விட்டு வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்த வெண்பொங்கலைத் தொன்னையில் வைத்துக் கொடுத்தார் வழிகாட்டி. பச்சரிசி, பாசிப்பருப்பு, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, சீரகம், இஞ்சி, நெய், அவ்வளவுதான். முந்திரி இல்லை. "முந்திரியும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்ததுதான், அதனால இதுல போடலை" என்றார். சட்னியும் கிடையாது. நாக்கில் படும்போது ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஒரு சூடு பரவியது. மிளகாயின் உறைப்பு நாக்கு நுனியிலேயே சண்டைக்கு வரும். மிளகு உள்ளே போய்த்தான் பேசும்.

மேலவீதியில் கடப்பா

பெரிய கோயிலிலிருந்து வடகிழக்காக நடந்தால் ராஜவீதிகள். அரண்மனையைச் சுற்றி நாலு திசைக்கும் நாலு வீதி, நாயக்கர் காலத்து ஊரமைப்பு. மேலவீதியில் சங்கீதம் படித்தவர்கள் மெதுவாகத்தான் நடப்பார்கள். பங்காரு காமாட்சி அம்மன் கோயில் இங்கேதான். சியாமா சாஸ்திரிகள் பூசை செய்த சந்நிதி அது. பரதநாட்டியக் கச்சேரிக்கு இன்றைய வரிசையை அமைத்துக் கொடுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் வீடும் இதே வீதியில் இருக்கிறது.

இந்த வீதிகளின் காலை நேரத்துக்கு ஒரு மணம் உண்டு, அது கடப்பாவின் மணம். தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தைத் தாண்டினால் இதன் பெயரே பலருக்குத் தெரியாது. பல ஓட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் போடுவார்கள், நேரம் கழித்துப் போனால் தீர்ந்திருக்கும். பாசிப்பருப்பை மலர வேகவைத்து மசித்து, வெந்த உருளைக்கிழங்கைக் கையால் உதிர்த்துச் சேர்த்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். பட்டையும் கிராம்பும் வெங்காயமும் தாளிப்பில். இறக்கியபின் எலுமிச்சை பிழிவது. இலையில் இரண்டு இட்லி வைத்து மேலே கரண்டி கரண்டியாக ஊற்றினார்கள். சாம்பாரின் புளிப்பும் கிடையாது, குருமாவின் கனமும் கிடையாது. பருப்பின் இனிமையும் சோம்பின் வாசனையும் முன்னால் வந்து, பச்சை மிளகாய் பின்னால் வந்தது.

சோழன் கல்வெட்டில் இருக்கும் பருப்பும், கல்வெட்டுக்குத் தெரியாத உருளைக்கிழங்கும் மிளகாயும் ஒரே கிண்ணத்தில் இருந்தன. புதிதாக வந்ததை இந்த ஊர் விரட்டவில்லை, பழையதைத் தூக்கி எறியவும் இல்லை. இரண்டையும் சேர்த்து வேகவைத்திருக்கிறது.

அதற்குப்பின் வந்த டபரா செட்டுக் காப்பியும் இப்படி ஒரு புதுவரவுதான். டெல்டாவின் அடையாளமாகவே ஆகிவிட்ட இந்தப் பானம் தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு. வந்தபோது அதைக் கண்டித்தவர்களும் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். பாட்டி ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு, "இன்னொரு அரை டம்ளர் கிடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

அரண்மனையின் மூன்று நூற்றாண்டு

அரண்மனையை எழுப்பத் தொடங்கியவர்கள் நாயக்கர்கள், விரித்துக் கட்டியவர்கள் மராட்டியர்கள். ரகுநாத நாயக்கர் 1620இல் தரங்கம்பாடியை டேனியர்களுக்குக் கொடுத்து ஒப்பந்தம் செய்தார். தங்கத் தகட்டில் அவர் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. டேனியர்கள் கடல் கடந்து வந்தது மிளகு முதலான சரக்குகளுக்காக. ஐரோப்பா மிளகைத் தேடி வந்துகொண்டிருந்த அதே காலத்தில், தமிழ்நாட்டுச் சமையல்கட்டு மெல்ல மிளகாய்க்கு மாறிக்கொண்டிருந்தது. வாங்கக் காசு கேட்ட மிளகின் இடத்தை, கொல்லையில் நட்டால் காய்க்கிற செடி பிடித்துக்கொண்டது.

1676 வாக்கில் வெங்கோஜி ஆட்சியைப் பிடித்ததிலிருந்து 1855 வரை தஞ்சாவூர் மராட்டியர் கையில். அவர்களில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) படிப்பாளி. சரஸ்வதி மகால் நூலகத்தின் சுவடிகளுக்கு நடுவே அவருடைய அரண்மனைச் சமையலும் மராத்தியில் எழுதிப் பாதுகாக்கப்பட்டது. நூலகம் அதைச் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று அச்சிட்டிருக்கிறது. வைத்தியத்தையும் சங்கீதத்தையும் எழுதிவைத்தது போலவே சமையலையும் எழுதிவைக்க வேண்டிய வித்தையாக ஓர் அரசர் கருதியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அரண்மனை வாசலில் எந்த வழிகாட்டியும் சொல்லாமல் விடாத கதை ஒன்று உண்டு. ஷாஜி மன்னரின் சமையல்கட்டில், மராட்டியப் பருப்புக்குழம்புக்கு வேண்டிய கோக்கம் தீர்ந்துபோக, புளியைக் கரைத்து ஊற்றினார்களாம். விருந்தாளியாக வந்த சம்பாஜியின் பெயரால் சாம்பார் பிறந்ததாம். அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இதற்குச் சான்றாகக் காட்டப்படவில்லை. காலையில் படித்த கல்வெட்டிலேயே பருப்பும் இருந்தது, புளியும் இருந்தது. இரண்டும் ஒரே பானையில் சேர மராட்டியர் வரும்வரை காத்திருந்தன என்று நம்புவது கடினம்.

மராட்டியச் சமையல் இங்கே விட்டுப்போனது என்ன என்று பார்க்க அந்தக் கதை தேவையில்லை, ரசவாங்கி இருக்கிறது. வீதிக்குப் பின்னால் ஒரு ராயர் வீட்டில் எங்களுக்கு இலை போட்டிருந்தார்கள். பிஞ்சுக் கத்தரிக்காய், துவரம்பருப்பு, தனியா, கடலைப்பருப்பு, மிளகாய், தேங்காய் வறுத்து அரைத்த விழுது, கொஞ்சம்போலப் புளி. சாம்பாரைவிடக் கெட்டி, கூட்டைவிடத் தளர்வு. பக்கத்தில் டாங்கர் பச்சடி: வறுத்து அரைத்த உளுத்தம்மாவைத் தயிரில் கரைத்துப் பெருங்காயமும் கடுகும் தாளித்தது. "ரசவாங்கிக்குத் தொட்டுக்க டாங்கர்தான் பொருத்தம். கூச்சப்படாம போட்டுக்கோங்கோ" என்று அந்த வீட்டு அம்மாள் இரண்டாம் முறை பரிமாறினார். வீட்டில் அவர்கள் பேசிக்கொண்டது மராத்தியும் தமிழும் கலந்த பேச்சு. 1855இல் ஆண்வாரிசு இல்லாமல் அரசர் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அடுப்பை யாரும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரபோஜியின் சமையலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அரண்மனைக்குள் இல்லை, சாலையோரச் சத்திரங்களில் இருக்கிறது. 1799 ஒப்பந்தத்தில் நாட்டு நிர்வாகம் கம்பெனிக்குப் போன பிறகும், சத்திரங்களைக் காப்பாற்ற அவர் போராடினார். 1801இல் கம்பெனி ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம் ராமேஸ்வரம் சாலையின் சத்திரங்களில் நடப்பதை விவரிக்கிறது. எந்தச் சாதியாராயினும் வழிப்போக்கருக்குச் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது உண்டா என்று கூப்பிட்டுப் போடுவார்கள். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரில் அவர் கட்டிய சத்திரம் இன்றும் இருக்கிறது. அரசாட்சி கையைவிட்டுப் போன ஓர் அரசர், சோறு போடும் உரிமையை மட்டும் விடமாட்டேன் என்று நின்றார்.

நடையில் இல்லாத இலை

கீழவாசலில் பீரங்கிமேட்டுக்கு ஏறி, நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கியைப் பார்த்து இறங்கினோம். சந்தையில் குண்டு மிளகாயும் நீட்டு மிளகாயும் சாக்குச் சாக்காக இருந்தன. மிளகு கண்ணாடி ஜாடியில் இருந்தது.

மீன்காரர்களிடம் வரால் உயிரோடு துள்ளியது. பாட்டி அங்கே நின்றுவிட்டார். அவருடைய அம்மா வழி முன்னோர்கள் இந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள். "வயல் நண்டு ரசம் வைப்பாங்கன்னு அம்மா சொல்லும். ராத்திரிச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சி காலையில குடிச்சிட்டு நடவுக்குப் போவாங்களாம். அதெல்லாம் எங்கம்மா கிடைக்கும்?" என்று வழிகாட்டியைக் கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம லிஸ்ட்ல அது இல்லைங்க பாட்டி. ஆனா இருக்கணும்" என்றார்.

அந்தப் பதிலுக்காக அவரை நான் மதிக்கிறேன். கோயில் மடைப்பள்ளி, அரண்மனை, ஓட்டல் என்று பார்த்துவிட்டோம். நெல்லை நட்டவர்களின் இலையை நாங்கள் பார்க்கவில்லை. டெல்டாவில் கூலி வெகுகாலம் நெல்லாகவே அளக்கப்பட்டது. ஆடல் மகளிருக்கு ஆண்டுக்கு நூறு கலம் என்று எழுதிவைத்த கல், வயலில் நின்றவர்களுக்கு எத்தனை படி என்று இப்படி வீடு வீடாக எழுதிவைக்கவில்லை. அந்தக் கேள்வியை அவர்களே கேட்க வேண்டி வந்தது. அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூடுதல் நெல் கூலி கேட்டுச் சங்கமாகத் திரண்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவில் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தஞ்சாவூர் நெல்லைப் பற்றி எழுதுகிற யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

ஐந்து ஆறுகளுக்கு அப்பால்

மதியத்தோடு நடை முடிந்தது. பாட்டியின் கேள்வி முடியவில்லை. பிற்பகலில் எல்லோருமாக ஒரு வேனில் திருவையாற்றுக்குக் கிளம்பினோம். பதிமூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிற சாலை அது. தஞ்சாவூரின் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவருக்கு ஒவ்வொரு பாலமும் ஒரு பதில். கல்லணையில் பிரியும் தண்ணீர் கிளை கிளையாக விரிந்து இந்த வயல்களுக்கு வருகிறது. பெரிய கோயிலை ஒட்டி ஓடும் புது ஆறும் கல்லணையிலிருந்து வருவதுதான். மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934 வாக்கில் வெட்டிய கால்வாய் அது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை. திறப்பு தள்ளிப்போனால் சம்பா மட்டும். அணையின் நீர்மட்டத்தைத் தினமும் செய்தியில் பார்த்துவிட்டுத்தான் இங்கே பலரும் காப்பி குடிக்கிறார்கள்.

திருவையாற்றில் காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி. ஆராதனைக்காகப் பந்தல் போட்டிருந்தார்கள். அந்தச் சமாதிக் கோயிலை எழுப்பியவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். கல்வெட்டின் நானூறு பெயர்களைக் காலையில் பார்த்த கண்ணுக்கு இந்தப் பெயரும் அந்த வரிசையில் வந்து சேர்ந்தது. ஆண்டவர் அல்வா கடையில் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்து, நெய் பிரிந்து வரும்வரை கிளறியது. விரலில் எடுத்தால் வழுக்கி விழுகிறது. காலைப் பொங்கலில் இருந்த அதே பருப்பு, கடப்பாவில் இருந்த அதே பருப்பு, இங்கே இனிப்பாகியிருந்தது.

ஊரைத் தாண்டியதும் சாலையின் ஒரு பாதி முழுக்க நெல். சம்பா அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் அம்பாரம் அம்பாரமாகக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சிலர் காலால் அளைந்து அளைந்து வெயிலில் புரட்டிவிட்டார்கள். வேனை நிறுத்தி இறங்கினோம். ஒரு பெரியவர் கையில் நெல்லை அள்ளி நெரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஆர் ஆயிரத்தொன்பது ரகம் என்றார். "ஈரம் பதினேழுக்குள்ள இருந்தாத்தான் எடுப்பாங்கம்மா. பகல்ல காய வச்சுக் கொண்டாந்துடுவோம். ராத்திரி பனி இறங்குனா மறுபடி ஏறிடும். வரிசை வர்ற வரைக்கும் நெல்லு பக்கத்துலயே படுக்கை" என்று பாட்டியிடம் சொன்னார். அருகே தராசில் நாற்பது கிலோச் சிப்பங்கள் ஏறி இறங்கின. ஈரம் பார்க்கும் கருவி ஒரு மேசை மேல் இருந்தது. ஆடவல்லான் மரக்காலின் இன்றைய வடிவம் அதுதான். அதில் தெரியும் எண்ணை வைத்துத்தான் ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்புக்கு விலை.

அளவு நியாயமாக இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டவர்கள் இந்த மண்ணில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன், 2018இல் மறையும்வரை, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குழியடிச்சான் என்று நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடி எடுத்தார். விதையை விலைக்கு விற்கவில்லை. வாங்கிப் போனவர் அடுத்த ஆண்டு இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் கரையாத வாழைப்பழ அறக்கட்டளை போலவே இதுவும் வளர்ந்துகொண்டே போகிற கணக்கு.

கொள்முதல் நிலையத்தில் பார்த்த பெரியவரின் வீட்டில் பழைய சோறு கிடைத்தது. காலையிலிருந்து மிச்சமிருந்த சோறும் நீராகாரமும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து கிண்ணத்தைக் காலி செய்தார். அன்று முழுக்கச் சாப்பிட்ட எல்லாவற்றிலும் சோறு எதையாவது சுமந்துகொண்டு வந்தது. இதில் மட்டும்தான் சோறு தன் சுவையில் இருந்தது: லேசான புளிப்பு, அடியில் ஒரு தித்திப்பு.

சுவைநடை நடத்துகிறவர்களுக்கும் நடக்க வருகிறவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். தை, மாசியில் வாருங்கள். பொங்கலையும் கடப்பாவையும் ரசவாங்கியையும் விடாமல் சாப்பிடுங்கள். ஆனால் நடையை அரண்மனை வாசலில் முடிக்காதீர்கள், வயல் வரை நீட்டுங்கள். முடிந்தால் விளைவித்தவரிடமே அரிசி வாங்குங்கள். சாம்பாரை முதலில் வைத்தது யார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். இந்தச் சோற்றை விளைவித்தவர் கைக்கு என்ன வந்தது என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர் ஐந்து பாலம் தாண்டி நெல் குவியலின் பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் போய்க் கேளுங்கள்.